மூல ஆசிரியர் குறிப்பு

பாடநூல் குழுவிலிருந்து எங்கள் படக் கம்பெனிக்கு வந்த படிவத்தில் பதினொரு கேள்விகள் இருந்தன. ஒன்றுக்குக்கூட என்னால் உண்மையான பதில் எழுத முடியாது.

‘மூன்று யூனிட்’ நாவலிலிருந்து ஒரு பகுதியைப் பதினொன்றாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தில் சேர்க்கிறார்களாம். மூல ஆசிரியர் கோமதிநாதனின் இயற்பெயர், பிறந்த ஊர், செய்த தொழில், மற்ற படைப்புகள் எல்லாம் வேண்டுமாம். புகைப்படம் இருந்தால் இணைக்கலாம். கடைசியில், அந்த நாவலைத் திரைக்கதையாக எழுதிய மரகதவல்லி ‘மேற்கண்டவை உண்மை’ என்று கையெழுத்துப் போட வேண்டும். நான்கு வாரம் அவகாசம்.

கோமதிநாதனுக்கு ஊரும் கிடையாது, தொழிலும் கிடையாது. நான்கு வருடத்துக்கு முன்னால் எங்கள் படக் கம்பெனியின் மூன்றாவது மாடியில் உட்கார்ந்து, மசால்வடையைக் கடித்துக்கொண்டே நான் உண்டாக்கிய ஆள் அவர். பெயர் வைக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

அந்த நாவலும் அப்படித்தான். அப்படி ஒரு நாவல் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அது மரகதத்தின் சொந்தக் கதை. ஆனால் அவளே அதை எங்கிருந்தோ திருடியதாக நம்பினாள். அவளை அப்படி நம்ப வைத்த பாவி நான்தான். படிவத்தைப் பார்த்ததும் ஒன்று புரிந்தது. இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் லட்சக்கணக்கான பிள்ளைகள் என் பொய்யை மனப்பாடம் செய்வார்கள்.

என் பெயர் சிவநேசன். வயது ஐம்பத்தெட்டு. சாலிகிராமத்தில் ஒரு பெரிய படக் கம்பெனியின் கதை ஆய்வுப் பிரிவில் இருக்கிறேன். 2030க்குப் பிறகு எங்கள் தொழிலில் யாரும் உட்கார்ந்து கதை கேட்பதில்லை. கதையை ஒரு மென்பொருளிடம் கொடுப்பார்கள். இந்தக் கதை ஏற்கெனவே எத்தனை பேருக்குத் தெரியும், எத்தனை பேருக்குப் பிடித்திருக்கிறது என்று பார்த்து அது ஓர் எண்ணைச் சொல்லும். அந்த எண்ணுக்கு ‘முன்னறிமுகம்’ என்று பெயர். நூற்றுக்கு அறுபது வந்தால் படம் எடுக்கலாம். வராவிட்டால் வாசலில் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

மரகதத்தின் கதைக்குப் பூஜ்யம் வந்தது. பதினொரு கம்பெனிகளில் பதினொரு பூஜ்யம்.

மரகதம் சாத்தூர்க்காரி. ஊரில் ஆறு வருடம் வீடு வீடாகப் போய் கரண்ட் ரீடிங் எடுக்கும் ஒப்பந்த வேலை பார்த்தவள். பிறகு சினிமா ஆசையில் சென்னைக்கு வந்து, உதவி இயக்குநராகவே தலை நரைத்துப் போனவள். அவள் அந்தக் கதையை எனக்குத்தான் முதலில் சொன்னாள். ஸ்டுடியோ கேன்டீனில், பிரேக்கில், லெமன் சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னாள்.

“பூட்டின வீடுண்ணே. ஆறு வருசமும் பூட்டித்தான் கெடந்துச்சு. மீட்டர் வெளிச்சுவத்துல இருக்கும். ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை போய்ப் பாத்தா, சரியா மூணு யூனிட் ஓடியிருக்கும். கூடாது, குறையாது.”

“மீட்டர் பழுதோ என்னவோ?”

“நானும் அப்படித்தான் நெனச்சேன். அந்த மீட்டர்ல ஒரு சின்னச் செவப்பு லைட்டு இருக்கும்ல, கரண்டு போகப் போக மினுக் மினுக்னு அடிக்குமே, அதைப் பாத்துக்கிட்டே நின்னேன். ஒம்போது நிமிசம் ஒண்ணுமே இல்ல. அப்புறம் ஒரே ஒரு மினுக். திருப்பியும் ஒம்போது நிமிசம் நின்னேன். இன்னொரு மினுக். உள்ள ஏதோ ஒரு குட்டி பல்பு எரியுதுண்ணே. யாருக்காகவோ அணைக்காம போயிருக்காக.”

எனக்குக் கையில் எடுத்த சாதம் வாய்க்குப் போகவில்லை. அவள் அந்த வீட்டு வாசலில் நின்றதை வைத்து ஒரு முழுக்கதை செய்திருந்தாள். காந்திமதி என்ற ரீடிங் எடுக்கும் பெண். ஓடிப்போன மகள் என்றைக்காவது திரும்பி வந்தால் வீடு இருட்டாக இருக்கக் கூடாது என்று ஒரு பல்பை விட்டுவிட்டுச் செத்துப்போன பெற்றோர். அந்த வீட்டு மீட்டர் பெட்டியில் செருகியிருக்கும் வெள்ளை ரீடிங் அட்டையில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ‘3’ என்று எழுதி, கட்டணத்தையும் தானே கட்டிவிட்டுப் போகும் காந்திமதி. கடைசியில் திரும்பி வரும் மகள் அந்த அட்டையில் வரிசையாக இருக்கும் மூன்றுகளைப் படிக்கிறாள், அவ்வளவுதான் கதை.

“எப்படியாவது படமாயிரணும்ணே” என்றாள் மரகதம். “எனக்கு வேற ஒண்ணும் வேணாம்.”

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் எனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு வருகிற எல்லாவற்றுக்கும் காரணம் அதுதான்.

அந்தச் சமயத்தில் எங்கள் கம்பெனித் தலைவர் தணிகாசலம் எனக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார். காலம் கடந்து நிற்கும் படங்களெல்லாம் ஏற்கெனவே பிரபலமான கதைகளிலிருந்துதான் வந்தனவா என்று ஆராய்ந்து சொல்ல வேண்டும். மென்பொருளுக்கு வக்காலத்து வாங்க அவருக்கு ஓர் அறிக்கை தேவைப்பட்டது. நான் நூறு படங்களை எடுத்துக்கொண்டு ஐந்து மாதம் அலைந்தேன். பழைய வாடகை நூலகங்களின் நோட்டுகள், பதிப்பகங்களின் அச்சுக் கணக்கு, வாசகர் கடிதங்கள் என்று ஒன்றையும் விடவில்லை.

தணிகாசலம் அறிக்கையின் கடைசிப் பக்கத்திலேயே நின்றுவிட்டார்.

“இது என்ன சிவநேசன்? அறுபத்தி ரெண்டு படத்துக்கு மூலக்கதை இருக்குன்னு போட்டிருக்கீங்க. அதுல பத்தொம்பதுதான் படத்துக்கு முன்னாடியே பிரபலம்னு சொல்றீங்க. மத்ததெல்லாம்?”

“மத்ததெல்லாம் படம் வந்த பிறகுதான் சார் வித்திருக்கு. முன்னாடி அந்தப் புஸ்தகத்தை யாரும் சீண்டலை.”

“ஆனா நீங்க பேட்டி எடுத்த ஜனங்க எல்லாம் சின்ன வயசுலயே படிச்சோம்னு சொல்லியிருக்காங்களே.”

“அதுதான் சார் விஷயம். படம் பார்த்த பிறகு வாங்கின புஸ்தகத்தை, படத்துக்கு முன்னாடியே படிச்சதா சத்தியம் பண்றாங்க. பொய் சொல்லலை. அவங்களுக்கு அப்படித்தான் ஞாபகம். ஒரு கதை பிடிச்சுப்போச்சுன்னா, அது எப்பவும் நம்மகூடவே இருந்த மாதிரி மனசு மாத்தி வெச்சுக்குது.”

இதைச் சொன்னபோது எனக்குள் ஒரு கர்வம். மென்பொருளின் அஸ்திவாரமே தப்பு, புதுக் கதைகளுக்குக் கதவைத் திறங்கள் என்று நான் சொல்லாமல் சொல்வதாக நினைத்தேன். தணிகாசலம் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“ஜனங்களுக்குப் புதுசு வேணாம் சிவநேசன். ஏற்கெனவே பிடிச்சது புதுசா வேணும். படம் வந்தப்புறம் அவங்களே ஞாபகத்தை மாத்திக்குவாங்கன்னா, படம் வர்றதுக்கு முன்னாடி நாம மாத்திக் குடுத்தா என்ன?”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

வழி ஏற்கெனவே எல்லார் காதிலும் இருந்தது. ‘துணை’ என்று ஒரு கடுகளவு கருவி. சாவியை எங்கே வைத்தோம், எதிரே வருகிறவர் எந்த வழியில் உறவு, போன வருடம் எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லாவற்றையும் காதோடு சொல்லிவிடும். ஞாபகம் வைத்துக்கொள்ளும் வேலையை ஜனங்கள் அதனிடம் கொடுத்துவிட்டார்கள். இலவசத் துணையில் நடுநடுவே விளம்பரம் வரும். எங்களுக்கு வேண்டியது விளம்பரம்கூட இல்லை, மூன்று சின்னப் பேச்சு. இலவசத் துணை வைத்திருந்த நாற்பது லட்சம் பேரின் பட்டியலை வாங்கினோம்.

முதல் வாரம் மழை பெய்யும்போது, “இந்த மழை ‘மூன்று யூனிட்’ தொடர்கதையில வர்ற மழை மாதிரியே இருக்கு இல்ல?” என்று கேட்கும். இரண்டாம் வாரம், “நீங்க அதைச் சின்ன வயசுல படிச்சதா ஒரு தடவை சொன்னீங்க” என்று வேறு எதற்கோ நடுவில் சொல்லும். மூன்றாம் வாரம், “அதை உங்க வீட்ல யார் முதல்ல படிப்பாங்க?” என்று கேட்கும். அவ்வளவுதான். மூன்றாவது கேள்விக்குப் பத்தில் ஏழு பேர் பதில் சொன்னார்கள். சித்தப்பா என்றார்கள், எதிர்வீட்டு டீச்சர் என்றார்கள். ஒருவர் பள்ளிக்கூட வாசலில் ஐஸ் விற்றவரைக் கூடச் சொன்னார். நாங்கள் ஒரு பெயரை மட்டும்தான் போட்டோம். மிச்சத்தையெல்லாம் அவரவர் வீட்டிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

புத்தகம் எங்கே என்று யாராவது கேட்டால்? அதற்கும் நான்தான் யோசனை சொன்னேன். அந்தக் காலத்தில் வார இதழ்களில் வரும் தொடர்கதையை வாரா வாரம் கிழித்தெடுத்து, முடிந்ததும் தைத்து பைண்டு செய்து வைக்கும் வழக்கம் வீட்டுக்கு வீடு இருந்தது. அட்டை இருக்காது, பதிப்பகம் இருக்காது, முதல் பக்கம் கிழிந்திருக்கும். அந்த மாதிரி வந்த கதை இது, 1993ல் நின்றுபோன ஒரு பத்திரிகையில் வந்தது, புத்தகமாகவே வரவில்லை என்று சொல்லிவிட்டால் எந்த நூலகத்திலும் யாரும் தேட மாட்டார்கள். மரகதத்தின் கதையை மென்பொருளிடம் கொடுத்து, பழைய தொடர்கதை நடையில் நாவலாக்கி, நானே திருத்தினேன். பின்பக்கத்தில் வரும் ஜோக்குகள்கூட நான் எழுதியவை.

ஆறாவது வாரம் முன்னறிமுகம் எழுபத்தொன்று.

மரகதத்திடம் என்ன சொன்னேன் தெரியுமா? ஒன்றுமே சொல்லவில்லை. “படம் ஓகே ஆயிடுச்சும்மா” என்று மட்டும் சொன்னேன். அவள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் காதிலும் இலவசத் துணைதான் இருந்தது.

படம் 2035 பொங்கலுக்கு வந்தது. ஒன்பது நிமிடம் அந்த மீட்டரையே காட்டும் காட்சியில் தியேட்டரே மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தது. சிவப்புப் புள்ளி மினுங்கியபோது விசிலடிக்காமல் ஜனங்கள் அழுதார்கள். ஆட்டோவின் பின்னால், டீக்கடைச் சுவரில், கல்யாணப் பத்திரிகையில்கூட ‘3’ என்று போட்ட வெள்ளை அட்டையைப் பார்த்தேன். இதில் வேடிக்கை என்னவென்றால், இரண்டு விமர்சகர்கள் “நாவலின் ஆழம் படத்தில் இல்லை” என்று எழுதினார்கள். சிரிக்க வேண்டிய விஷயம். என்னால் சிரிக்க முடியவில்லை.

விருது விழாவில் மரகதத்தை மேடைக்குக் கூப்பிட்டார்கள். மைக்கைப் பிடித்தாள். பிறகு சொன்னாள்:

“இந்தக் கதை என்னோடது இல்லைங்க. இத்தனை நாள் என்னோடதுன்னே நெனச்சிருந்தேன். எங்கம்மா சண்முகத்தாய் தீப்பெட்டி ஒட்டுற வேலை பாத்தாக. தீப்பெட்டி ஒட்டுற பசையை வச்சே இந்தத் தொடர்கதையை ஒட்டிப் புஸ்தகமாக்கி, சாயங்காலம் என்னைப் பக்கத்துல உக்கார வச்சுப் படிச்சுக் காட்டுவாக. எனக்குப் பத்து வயசுல செத்துப் போயிட்டாக. அவுக படிச்சுக் காட்டினதை நான் என் கதைன்னு வித்துட்டேன். மன்னிச்சிருங்க.”

விருதை மேஜை மேலேயே வைத்துவிட்டு இறங்கிப் போனாள். அவள் நேர்மையைப் பார்த்து அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. மூன்றாவது வரிசையில் நானும் எழுந்து கைதட்டினேன்.

அதற்குப் பிறகு அவள் எழுதவில்லை. சினிமா பக்கமே வரவில்லை. வளசரவாக்கத்தில் ஒரு பெண்கள் விடுதியில் மேற்பார்வையாளராகச் சேர்ந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். மூன்று வருடம் நான் அந்தத் தெருப் பக்கம் போகவில்லை. போரூர் போக வேண்டியிருந்தால்கூடச் சுற்றிக்கொண்டு போவேன்.

படிவத்தை எடுத்துக்கொண்டு இந்த முறை நேராகப் போனேன்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து விடுதியின் சாப்பாட்டு அறை காலியாக இருந்தது. மரகதம் நீள மேஜையில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலை முழுக்க வெள்ளை. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. முகத்தில் ஆச்சரியமும் இல்லை.

“வாங்கண்ணே. உக்காருங்க. மோர் குடிக்கீகளா?”

“வேண்டாம்மா. ஒரு விஷயம் சொல்லணும். சொல்லி முடிக்கிற வரைக்கும் குறுக்க பேசாதே. நிறுத்தினா அப்புறம் என்னால சொல்ல முடியாது.”

சொன்னேன். அறிக்கை, தணிகாசலம், துணை, மூன்று வாரம், மசால்வடை உட்பட எதையும் விடவில்லை. என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுவதுபோலக் கேட்டது. அவள் கல் பொறுக்குவதை நிறுத்தவில்லை.

“அது உன் கதை மரகதம். முழுக்க உன்னோடது. நீ திருடலை. திருடினது நான். நீ நம்ப மாட்டேன்னு தெரியும். உங்கம்மா படிச்சது உனக்குக் கண்ணுக்குள்ள நிக்கும். ஆனா...”

“நம்புறேன்.”

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

“எனக்குத் தெரியும்ணே.”

“எப்போ? யார் சொன்னாங்க?”

“படம் வந்து ஓடினதும் நீங்க அந்த நாவலைப் புஸ்தகமா போட்டீகள்ல, பழைய பேப்பர் கடையில பைண்டு கிடைச்சதுன்னு சொல்லி. மேடையில பேசிட்டு வந்தப்புறம் அதை வாங்கிப் படிச்சேன். பதினாலாவது அத்தியாயத்துல காந்திமதி மீட்டர் முன்னாடி நிக்கா. செவப்பு லைட்டு மினுக்குன்னு அடிக்குது.” அவள் ஒரு கல்லை எடுத்து ஓரமாக வைத்தாள். “தொண்ணுத்தி மூணுல செவப்பு லைட்டு மீட்டர் ஏதுண்ணே? அப்பல்லாம் சக்கரம் சுத்துற மீட்டருதான். லைட்டு வச்ச மீட்டரெல்லாம் எத்தனையோ வருசம் கழிச்சுல்ல வந்துச்சு. ஆறு வருசம் வீடு வீடாப் போய் அதைத்தானே பாத்துக்கிட்டு அலைஞ்சேன், எனக்குத் தெரியாதா?”

நூறு படங்களை ஆராய்ந்தவன், பின்பக்க ஜோக்கு வரைக்கும் யோசித்தவன், தினமும் என் வீட்டு வாசலில் மினுங்கும் மீட்டரை யோசிக்கவில்லை. லட்சம் பேர் வாங்கிப் படித்தார்கள், ஒருவர்கூடக் கேட்கவில்லை.

“படிச்சு முடிச்சதும் யாரு செஞ்சதுன்னும் தெரிஞ்சுபோச்சு. புஸ்தகத்துல காந்திமதி திருப்பியும் ஒரு ஒம்போது நிமிசம் நிக்கா. அந்த ரெண்டாவது தடவையை நான் எழுதிக் குடுக்கல, வாயால சொன்னது உங்க ஒருத்தர்கிட்டதான்.”

“அப்புறம் ஏம்மா சும்மா இருந்தே? ஒரு பேட்டி குடுத்திருந்தா என்னை உள்ள தூக்கிப் போட்டிருப்பாங்களே!”

“நீங்களா வருவீகன்னு இருந்தேன்.”

மூன்று வருடம். மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்தேன்.

“ஒண்ணு மட்டும் கேக்கணும்” என்றாள். “அந்தப் பட்டியல்ல என் பேரும் இருந்துச்சே. எடுக்க மறந்துட்டீகளா?”

மறந்துவிட்டேன் என்றுதான் இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லி வந்தேன். வேலை மும்முரத்தில் விட்டுப்போயிற்று, நாற்பது லட்சம் பெயரில் ஒரு பெயர், யாருக்கும் நடக்கக்கூடிய தப்பு. அவள் கண்ணைப் பார்த்து அதைச் சொல்ல வாய் வரவில்லை.

“மறக்கலை. உன் பேர் திரையில வந்துச்சு. நீக்கவான்னு கேட்டுச்சு. எழுதினவளே நம்பிட்டா யாரும் காட்டிக் குடுக்க மாட்டாங்கன்னு தோணிச்சு. விட்டுட்டேன்.”

கல் பொறுக்கும் கை முதல் முறையாக நின்றது. அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கை நீட்டி அறைந்திருந்தால் அதைவிட நன்றாக இருந்திருக்கும்.

“எங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியாதுண்ணே” என்றாள் மெதுவாக. “கைநாட்டு. மேடையில நான் பேசினதைக் கேட்டுட்டு எங்கண்ணன் சீனிராசு சாத்தூர்ல இருந்து போன் போட்டுச் சத்தம் போட்டான். ‘ஏட்டி, அம்மாவுக்கு எங்கட்டி படிக்கத் தெரியும்? அவளுக்குப் பேசவே நேரமிருக்காதே’ன்னான். நெசந்தான். விடிஞ்சா அடைஞ்சா தீப்பெட்டிதான். என்னை மடியில வச்சதா ஞாபகம் இல்ல. ஒரு தடவைகூட என் பக்கத்துல சும்மா உக்காந்தவ இல்ல. குரல் எப்படி இருக்கும்னுகூட எனக்கு மறந்துபோயிருந்துச்சு.”

“மரகதம்...”

“இப்பக் கேக்குது. நீங்க வச்ச பொய்யில அவ தினமும் சாயங்காலம் கையைத் தொடச்சுக்கிட்டு வந்து உக்காருறா. விரல்ல பசை காஞ்சு போயிருக்கு. ஒவ்வொரு வரியா விரல் வச்சுப் படிக்கிறா. பொய்னு தெரியும். தெரிஞ்சும் வருது. நெசத்தைச் சொல்லி நான் என் கதையை வாங்கிக்கிட்டேன்னா, அவ எந்திரிச்சுப் போயிருவாளேன்னுதான் பேசாம இருந்தேன்.”

என் பொய் அவளிடமிருந்து ஒரு கதையைத்தான் பறித்தது என்று நினைத்து வந்தவன் நான். கதையைத் திருப்பிக் கொடுத்தால் போதும், பாதிப் பாவம் போகும் என்று கணக்குப் போட்டிருந்தேன். திருப்பிக் கொடுக்க வேண்டுமென்றால் அவள் அம்மாவை எழுப்பி அனுப்ப வேண்டும். அதை நான் எப்படிச் செய்வேன்?

அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, “படிவத்தைக் குடுங்க” என்றாள். பதினொரு கேள்விகளையும் வாசித்தாள். பிறகு என் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, ‘மூல ஆசிரியரின் இயற்பெயர்’ என்ற இடத்தில் கொட்டை எழுத்தில் எழுதினாள்: சண்முகத்தாய்.

ஊர்: சாத்தூர். தொழில்: தீப்பெட்டி ஒட்டுதல். மறைவு: 1994. மற்ற படைப்புகள் என்ற இடத்தில் ஒரு கோடு போட்டாள்.

“என்னம்மா இது?”

“கோமதிநாதன்ங்கிறது புனைபெயரு. பொம்பள பேர்ல எழுதினா போட மாட்டாகன்னு வச்சுக்கிட்டா. இதை எல்லார் காதுலயும் போட்டுருங்க. மூணு வாரம் போதும்னீகள்ல? நாலு வாரம் டயம் இருக்கு.”

“நான் பொய்யைத் திருத்த வந்தேன் மரகதம். இனிமே இந்த வேலையைச் செய்ய மாட்டேன்னு சத்தியம் பண்ணிக்கிட்டு வந்தேன்.”

“திருத்துங்க. கோமதிநாதன்னு ஒரு ஆளே இல்ல, அந்த ஆளை எடுத்துருங்க. எங்கம்மா இருந்தா. அவ நெசம்.”

“உன் பேரு? அது உன் கதை. உன் பேர்ல வரணும்.”

“எனக்குக் கை இருக்குண்ணே. இன்னொண்ணு எழுதிக்கிருவேன். அவளுக்கு? ரேசன் கார்டுலயும் கைநாட்டு, தீப்பெட்டிக் கம்பெனி நோட்டுலயும் கைநாட்டு. அவ பேரை அவளும் எழுதிப் பாத்ததில்ல, மத்தவுகளும் மதிச்சு எழுதினதில்ல. சண்முகத்தாய் பற்றிக் குறிப்பு வரைகன்னு பரீட்சையில வரட்டும். அஞ்சு மார்க்குக்குப் பிள்ளைக எழுதட்டும்.”

நான் வாயைத் திறக்குமுன் அவளே சொன்னாள்:

“என்கிட்ட மன்னிப்புக் கேக்கத்தானே வந்தீக? அதைப் பத்தி அப்புறம் பேசலாம். முதல்ல இதைச் செய்ங்க.”

‘மேற்கண்டவை உண்மை’ என்பதற்குக் கீழே கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினாள்.

செய்தேன். தணிகாசலத்துக்கு ஒரே குஷி. “தீப்பெட்டி ஒட்டின அம்மாவா? பிரமாதம். கோமதிநாதனை விட இது நூறு மடங்கு நல்லா இருக்கு, இதை ஏன்யா முதல்லயே சொல்லலை?” என்று முதுகில் தட்டினார். அந்த இடம் எனக்கு இரண்டு நாள் எரிந்தது.

புதுப் பாடநூல் ஜூனில் வந்தது. ‘மூல ஆசிரியர் குறிப்பு’ என்ற தலைப்பில் அரைப் பக்கம். நான் விதைத்தது ஒரு பெயரும் ஓர் ஊரும் மட்டும்தான். குறிப்பில் அதற்கு மேல் என்னென்னவோ இருந்தது. வாசகர் கடிதங்களுக்குத் தவறாமல் பதில் எழுதுவாராம். அவர் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று கோவில்பட்டியில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் சொல்லியிருக்கிறார். மரகதத்துக்கு ஒரு பிரதி அனுப்பினேன். பதிலுக்கு அவளிடமிருந்து ஒரு கவர் வந்தது. அவள் எழுதத் தொடங்கியிருக்கும் புதுக் கதையின் முதல் நான்கு பக்கம். கடிதம் எதுவும் இல்லை. மன்னித்தாளா இல்லையா என்று அதிலிருந்து எனக்குத் தெரியவில்லை.

இதை நான் துணையைக் காதிலிருந்து கழற்றி வைத்துவிட்டு, காகிதத்தில், பேனாவால் எழுதுகிறேன். அவசரமாக எழுதுகிறேன். காரணம் உண்டு. சண்முகத்தாயின் பெயரை விதைக்க இரண்டாவது முறை பட்டியல் திரையில் வந்தபோது என் பெயரும் அதில் இருந்தது. நீக்கவா என்று கேட்டது. நான் நீக்கவில்லை. அவளுக்குச் செய்ததை எனக்கும் செய்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது. நம்பிவிட்டால் இந்தக் குற்ற உணர்ச்சி தொலையும் என்ற ஆசையும் இல்லாமல் இல்லை. எதற்காக விட்டேன் என்று இப்போது கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

நேற்றுக் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது ஒரு விஷயம் பளிச்சென்று நினைவுக்கு வந்தது. சண்முகத்தாயின் தொடர்கதை வந்த நாட்களில், பத்திரிகையை யார் முதலில் எடுப்பது என்று எனக்கும் அக்காவுக்கும் வியாழக்கிழமை தோறும் சண்டை வரும். அக்கா அதைப் பாவாடைக்குள் ஒளித்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடுவாள். நான் பின்னாலேயே ஓடுவேன். அவளுடைய கொலுசுச் சத்தம்கூடக் கேட்டது.

எனக்கு அக்கா கிடையாது. நான் வீட்டுக்கு ஒரே பிள்ளை.